சொத்து எண் 40817

நூற்றிருபது யூரோ.
மூடியின் மேல் ஓர் ஒட்டுத்தாள்: சொத்து எண் 40817,
ஓஸ்லோவில் ஏதோ காப்பீட்டு நிறுவனம்.
நகத்தால் சுரண்டினேன். எண் பாதி போனது,
பசை போகவில்லை.

வட்டு புதிது, விண்டோஸ் புதிது என்றான் குன்டிஸ்.
மூன்று வருடம் ஒரே மேசை,
வெயில்கூடப் படாமல் இருந்த கணினி என்றான்,
பெண் பார்க்க வந்தவர்களிடம் பேசுவதுபோல்.

ரீகாவில் ஜனவரி. நாலு மணிக்கே இருட்டு.
அணைத்துவிட்டுப் படுத்தேன்.
தண்ணீர் குடிக்க எழுந்தால்
மேசை ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி,
கேபிள் சொருகிய துளையருகே
சிமிட்டிக்கொண்டிருக்கிறது.
அணைத்த கணினி.
யாருக்கு ‘ம்’ கொட்டுகிறது?

நான் டிராம் ஓட்டுபவள்.
கட்டுப்பாட்டு அறையில் விஸ்வால்டிஸ் பொத்தானைத் தொட்டால்
கம்பியில் மின்சாரம் நிற்கும்;
தௌகவா பாலத்தின் நடுவே
அறுபது பேரோடு நானும் நிற்பேன்.
அதற்குச் சம்பளம் தருகிறார்கள்.
அதை நான் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை.

விடுமுறை நாள் முழுக்கக் கையேடு படித்தேன்.
விண்டோஸுக்கும் கீழே
அறைக்குள் அறையாக இன்னொரு சின்னக் கணினி.
வட்டை மாற்றினாலும் அதற்குக் கவலையில்லை.
தொலைவிலிருந்து எழுப்பலாம், திரையைப் பார்க்கலாம்,
விசைகளைத் தட்டலாம்.
ஆயிரம் கணினிகளை ஒரே ஆள் மேய்க்க
அப்படிச் செய்திருக்கிறார்கள். தப்பில்லை,
அவர்கள் சொத்து, அவர்கள் சாவி.
மேசை இப்போது என்னுடையது.

தொடங்கும்போது கண்ட்ரோலும் பி-யும் சேர்த்து அழுத்த வேண்டும்.
முதல் தடவை தவறவிட்டேன். இரண்டாவதும்.
மூன்றாவதில் சாம்பல் திரையொன்று
கடவுச்சொல் கேட்டது.
கையேட்டில் போட்டிருந்தபடி
‘அட்மின்’ என்று அடித்தேன்.
திறந்துகொண்டது.

ஓஸ்லோக்காரர்கள் உள்ளே வந்ததேயில்லை.
ஒருவரும் வேவு பார்க்கவில்லை, ஒருவரும் பூட்டவுமில்லை.
விமான நிலையங்களில், விடுதி அறைகளில்,
குன்டிஸின் கடையில் பழைய சார்ஜர்களுக்கு நடுவே
மூன்று வருடம் திறந்தே கிடந்திருக்கிறது;
ஒரு நிமிடம் கிடைத்த எவரும்
தன் பூட்டைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம்.
இரவெல்லாம் தவறான ஆளுக்குப் பயந்திருக்கிறேன்.

பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறி ஒன்று
வேண்டும் என்றது. கொடுத்தேன்.
தொலை மேலாண்மை: முடக்கு.
கேபிள் வழி விழிப்பு: முடக்கு.
அமைப்புத் திரைக்குத் தனிக் கடவுச்சொல்.
துண்டுச் சீட்டு கம்பு ரொட்டி டப்பாவின் அடியில்.

பிறகுதான் அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தேன்:
உடைத்து உடைத்துப் போடும் ஷிஃப்டுகளை எதிர்த்து
வண்டியை எடுக்க மாட்டோம் என்றவர்கள்,
பணிமனை வாரியாக, முப்பத்தொரு பெயர்.
கடைசிப் பெயர், பென்சிலில் கிறுக்கியிருந்தது,
விஸ்வால்டிஸ்.

அன்றிரவும் தண்ணீருக்கு எழுந்தேன்.
புள்ளி இல்லை.
மேசை எங்கே என்று தெரியாமல்
முழங்காலை நன்றாக இடித்துக்கொண்டேன்.