தேனுக்கும் பட்டைக்கும் நடுவில்

பதினெட்டு ரெயால் தொண்ணூறு.
மூடியில் கீறல் இருந்ததால்
ஒரு ரெயால் குறைத்துத் தந்தான்.
புட்டியின் பெயர் தேன்.

என் கன்னத்தில் மங்கு.
இடப்பக்கம் ஒரு தீவு,
அதைப் பார்த்துப் பொறாமையில் முளைத்த இன்னொன்று வலப்பக்கம்.
மகன் வயிற்றில் இருந்தபோது வந்தது.
அவன் வெளியே வந்துவிட்டான், அது வரவில்லை.
அவனுக்கு இப்போது மீசை அரும்புகிறது.

கடை விளக்கில் மணிக்கட்டில் தடவியபோது
தேன் நானாகத்தான் இருந்தது.
தெருவில் இறங்கினேன்.
பெலேம் வெயிலுக்கு முகதாட்சண்யம் கிடையாது.
கழுத்துக்கு மேலே வேறொருத்தி,
சுண்ணாம்பின் முதல் பூச்சு காய்ந்த சுவர் மாதிரி.

வெளுக்க ஆசையில்லை எனக்கு.
நெற்றியும் கன்னமும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகத் தெரிந்தால் போதும்.
அதற்குத்தான்
பழைய ஆரஞ்சு உதட்டுச்சாயத்தை மங்கின்மேல் ஒற்றி
அதன்மேல் தேனைப் பூசினேன்.
யாரோ அறைந்ததுபோல் இருந்தது, இரண்டு கன்னத்திலும்.
பவுடருக்குக் காசில்லாமல்
மக்காச்சோள மாவைத் தட்டிக்கொண்டேன்.
இரண்டு மணி மழை இங்கே கடிகாரம் பார்த்து வரும்.
வந்தது.
கஞ்சி போட்ட சட்டைக் காலர்போல்
விறைத்த முகத்தோடு கல்லாவில் உட்கார்ந்து
அரிசிக்கும் சோப்புக்கும் பில் போட்டேன்.

ஏழாம் கல்லாவில் கிளியோனிசி.
எண்ணெய் தெறித்து வெளிறிய தாடை அவளுக்கு.
அவள் வாங்கியது இலவங்கப்பட்டை,
அதே கம்பெனி, அதே விலை, கீறல் இல்லை.
பூசினால் செங்கல் என்றாள்.
சாப்பாட்டு நேரம் இருபது நிமிடம்.
இருமல் மருந்து மூடியில்
அவளது மூன்று சொட்டு, எனது நான்கு,
பல்குத்தும் குச்சியால் கலக்கி
சரக்கு இறக்கும் பின்வாசலுக்கு ஓடினோம்,
அங்கேதான் நிஜமான வெளிச்சம்.
அரிசி லாரியின் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன்.
தீவுகள் இரண்டும் முழுகியிருந்தன.
ஓட்டுநர் ஹார்ன் அடித்தான்.
அடிக்கட்டும்.

தேனுக்கும் பட்டைக்கும் நடுவில்
இந்த ஊரில் பாதிப்பேர் பஸ் ஏறுகிறோம்.
புட்டி அடைப்பவர்கள்தான்
எங்களை வழியில் பார்க்கவே இல்லை.

மார்ச்சில் அவளை
இக்கோராசிக் கிளைக்கு மாற்றினார்கள்.
பட்டையை எடுத்துக்கொண்டு போனாள்,
அவள் காசு, அவள் புட்டி.
நான் தேனோடு தனியாக ஒன்பது நாள்.
பால் வாங்க வந்த கிழவர்
உடம்புக்கு முடியலையாம்மா என்றார்.
பத்தாம் நாள் வெறும் முகத்தோடு போனேன்.
அவர் எதுவும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம் என்றும் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் நிலையத்தில்
மூக்குச் சொட்டு மருந்துச் சீசாவைக் கழுவிக்
கொண்டுவந்திருந்தாள், பாதி பட்டை நிரப்பி.
என்னிடம் ஜாம் பாட்டிலில் பாதி தேன்.
கடத்தல்காரர்கள்போல மாற்றிக்கொண்டோம்.
அங்கே எல்லோரும் கேட்டார்களாம்,
கடற்கரையிலா விடுமுறை என்று.

மூன்றுக்கு நான்கு கலந்து
அவள் தாடையில் வைத்தேன். பொருந்தவில்லை.
புதுக் கிளைக்குப் போகப் படகுத்துறையில் தினமும் நடக்கிறாள்,
வெயில் அவளை ஒரு சொட்டு முன்னே தள்ளியிருந்தது.
தகரக் கூரைமேல் மழை விழத் தொடங்கியது.
நான்குக்கு நான்கு. இல்லை.
ஐந்துக்கு மூன்று.
இரண்டு மணிக்கட்டுகளையும் அருகருகே நீட்டி
வெளிச்சம் இருக்கும் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தோம்.

என் பஸ் போனது.
அடுத்தது நாற்பது நிமிடம் கழித்து.
இன்னும் ஒரு சொட்டு விடு, ஜுரேமா, என்றாள்.