நாலு வாசல், ஒரு பாதை

கொட்பேயில், ஐஸ் ஆலையின் கணக்கறையில்
உள்ளங்கை அகலத்தில் ஒரு கணினிப் பலகை.
அதற்கு நாலு யூஎஸ்பி வாசல்.
நாலிலும் நாலு கமெராவைச் செருகிவிட்டால்
நாலு பக்கமும் தெரியும் என்று
ரபாய்தீன் முதலாளி நினைத்தார்.
நானும்தான். கூலியும் அப்படியே பேசியிருந்தேன்.

முதலாவது விழித்தது: தராசு.
இரண்டாவது: லொறி பின்வாங்கி வந்து நிற்கும் இடம்.
மூன்றாவதைச் செருகியதும்
திரையில் ஒரு வரி,
இடமில்லை.

இடமா?
வட்டைத் திறந்து பார்த்தேன்.
நாற்பது கிகாபைட் வெறுமையாய்க் கிடக்கிறது,
உச்சிவெயிலில் மக்கெய்சர் மைதானம் போல.
கேபிளை மாற்றினேன். பவரை மாற்றினேன்.
உப்புக் காற்று ஏறியிருக்குமோ என்று
வாசலுக்குள் ஊதியும் பார்த்தேன்.

இரவு பத்தரைக்குத்தான் பிடிபட்டது.
வாசல் நாலு. உள்ளே பாதை ஒன்று.
பாலம் வருமுன் கிண்ணியாத் துறையில்
லொறியும் மோட்டார்சைக்கிளும் ஆடும் சனமும்
ஏறி நெருங்கி அக்கரை போனதே,
அந்தப் பாதை.
நானூற்றெண்பது மெகாபிட். அதுவும் கடதாசியில்.
நெட்வேர்க் வயரும் அதே தட்டில்தான் ஏறி நிற்கிறது.

கமெராக்கள் வேறு
கொழும்பு பஸ் யன்னலால் கைலேஞ்சி எறிந்து
சீட்டுப் பிடிக்கிற ஆட்கள்.
சொல்ல ஒன்றுமில்லாவிட்டாலும்
முன்கூட்டியே மறித்துக்கொள்ளும்.
இருட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதும்
முழு இருட்டுக்கும் இடம் கேட்கும்.

பங்கிட்டேன்.
தராசுக்கு விநாடிக்குப் பதினைந்து படம்.
லொறிக்கு ஐந்து. ஐஸ் உடைக்கும் மிஷினுக்கு ஐந்து.
பின்வாசலுக்கு
ஒன்று போதும் என்று போட்டேன்.
நாலும் விழித்தன.

ஒன்று என்றால்,
ஜெயசீலி பெட்டியடியில் நிற்கிறா.
பிறகு ஜெயசீலி கதவடியில் நிற்கிறா.
இடையில் நடந்த தடமே இல்லை.
முதல் படத்தில் பெட்டியில் ஏழு சூரை.
அடுத்ததில் ஆறு.
வாளி மூடியிருக்கிறது.
முந்தியதிலும் மூடித்தான் இருந்தது.

முதலாளி திரையில் விரலை வைத்தார்.
"இதென்ன தங்கச்சி,
இது மட்டும் தவ்வித் தவ்விப் போகுது?"

"பாதை அவ்வளவுதான் கொள்ளும், முதலாளி."

பொய்யில்லை.
தராசில் நாலைக் கழித்தால்
பின்வாசலுக்கு ஐந்து வந்திருக்கும்.
அதுவும் பொய்யில்லை.
அதை அவர் கேட்கவில்லை.
எண்ணித் தந்த காசை
ஸ்க்ரூட்ரைவரோடு பையில் வைத்தேன்.

போகும்போது பின்வாசலால் போனேன்.
ஐஸ்தண்ணியைத் தும்புத்தடியால் தள்ளிக்கொண்டிருந்த ஜெயசீலி
தலையை நிமிர்த்தினா, என்னைப் பார்க்க இல்லை,
மேலே சின்னச் சிவப்பு வெளிச்சத்தை.
"வேலை செய்யுதோ?"
"செய்யுது."

அதன் கீழால் நானும் கடந்தேன்.
ஒரு படத்தில் விழுந்திருப்பேன்.
மிஞ்சினால் இரண்டு.