எழும்பாத கட்டை

ஐப்பசி பிறந்தால் பாளையங்கோட்டைக்குள் ஈரம் வந்துவிடும்.
சபை மன்றத்துப் பியானோவுக்குத்தான்
அது முதலில் தெரியும்.
நடுவில் ஒரு கருப்புக் கட்டை,
எனக்கு எஃப் ஷார்ப், கோமதிநாயகத்துக்குப் பிரதி மத்தியமம்,
அமுக்கினால் அமுங்கும். எழும்பாது.
நாகர்கோவிலிலிருந்து டைட்டஸ் வந்து பார்க்கத்
தை ஆகும்.

எழுதிக்கொண்டிருப்பது வயலினுக்கும் பியானோவுக்கும்.
பதினோரு நிமிடம், மூன்று பகுதி.
ராகமா என்று கேட்டால் இல்லை,
இல்லையா என்று கேட்டால் அதுவும் இல்லை.
அலுவலகத்தில் அணைக் கணக்கு எழுதுகிற அதே பேனா.
பாபநாசம் நூற்றிரண்டே கால் அடி,
மணிமுத்தாறு எழுபத்தெட்டு,
தாளைத் திருப்பினால் ஐந்து கோடு.

நாற்பத்தோராவது கட்டத்தில் மூன்று வாரமாய் நிற்கிறேன்.
பியானோவில் ஒரு சுரம்
பிறந்த கணமே சாகத் தொடங்குகிறது.
வயலினோ வில் தீரும்வரை அதை வளர்க்கிறது,
வில் திரும்பினால் இன்னும் கொஞ்சம்.
சாகிறதையும் வளர்கிறதையும் எந்த இடத்தில் சந்திக்க விடுவது?
கல்லும் தண்ணீரும் என்று ஓரத்தில் எழுதி
அடித்துவிட்டேன்.
உவமை வருகிற நாளில் சுரம் வருவதில்லை.

ஸ்கூட்டரில் வந்தான் கோமதிநாயகம்.
மழைக்கோட்டு வயலின் பெட்டிக்கு மட்டும்.
காலையில் களக்காட்டில் கல்யாணக் கச்சேரி,
நெற்றிச் சந்தனம் மழையில் மூக்குவரை இறங்கியிருந்தது.
சுருதி பார்த்தான்.
பியானோ கால் சுரம் தாழ்ந்து கிடந்தது.
"அத ஏத்த முடியாதுல்லா, நான் எறங்குதேன்"
பிரடையைத் திருகினான்.

"ஏழரை அட்சரமா? அரைய எங்கன வைக்க?"
"மூச்சு விடு. அதுதான் அரை."
"மூச்சுக்கும் கணக்கு எழுதுவியளா யக்கா?"

நாற்பதுவரை போனோம். ஜன்னலுக்கு வெளியே
திருச்செந்தூர் பஸ் ஒன்று சேற்றில் உறுமி
முப்பத்தாறை விழுங்கியது.
நாற்பத்தொன்றில் எழுதியது எதுவும் இல்லை.
பழக்கத்தில் என் விரல் அந்தக் கட்டைமேல் விழுந்தது.
அமுங்கிற்று. கிடந்தது.
சே என்று கையை எடுத்துக்கொண்டேன்.
அவன் நிறுத்தவில்லை,
அதே சுரத்தைத் தேடிப் பிடித்து, இழுத்து,
நீளமாய் இழுத்து,
வில்லைத் தூக்கினான்.

ஒலி போகவில்லை.

"யாருக்கா வாசிக்கது? நீங்க கைய எடுத்துட்டிய."

மூடியைத் திறந்து பார்த்தோம்.
கட்டை எழும்பாததால் அதன் தந்திமேல்
அமர வேண்டிய கம்பளித் துண்டும் அமரவில்லை.
யாரும் தட்டாத தந்தி
அவன் விட்டதைப் பிடித்துக்கொண்டு
உள்ளே அதிர்ந்தது,
பாச்சை உருண்டை வாசனைக்கு நடுவில்.

இன்னொரு தடவை, என்றேன்.
ஏழு தடவை வாசித்தான். எட்டாவதில்
நான் எழுதிக்கொண்டிருந்தேன்:
உள்ளே வெற்றாய் ஒரு சாய்சதுரம்.
ஓசை எழாமல் அமுக்கு.
பிடித்துக்கொண்டு இரு.
மற்றது வயலினின் பொறுப்பு.

ஒன்பது மணிக்கு விளக்கணைக்க வந்தார்
செயலர் தங்கதுரை செல்லையா.
"அந்தக் கட்ட இன்னும் சரியாகலையோ?
டைட்டஸுக்கு இப்பமே போன் போடட்டா?"

வேண்டாம் சார், என்றோம்
இரண்டு பேரும்,
ஏறக்குறைய ஒரே சுருதியில்.