பசை

பெய்பியாவோவுக்கு வெளியே, சோளம் அறுத்த நிலத்தில்
லுவான் தேஃபா பிளந்த கல் இது.
புத்தகம் மாதிரித் திறந்ததாம்.
"ரெண்டு பக்கமும் ஒரே கோழி" என்று
பழைய போர்வையில் சுற்றி
மூன்று சக்கர வண்டியில், தீவன மூட்டைகளுக்கு நடுவே
கொண்டுவந்து இறக்கினார்.

கோழி இல்லை, லுவான் ஐயா.
கோழிக்குப் பல் ஏது.

பத்து மாதம் குனிந்திருந்தேன்.
உருப்பெருக்கியின் கீழே ஊசி,
ஊசியின் கீழே ஏரிச் சேறு,
சேற்றுக்கு மேலே எரிமலை தூவிய சாம்பல்.
ஒரு நாளைக்கு ஒரு நகக்கண் அளவு.
கரி அடுப்பு அணைந்துபோன காலைகளில் அதுவும் இல்லை.

முதலில் கால் வந்தது.
இரண்டாம் விரலைத் தரையில் படவிடாமல்
தூக்கியே நடந்திருக்கிறது,
தீட்டிய அரிவாளோடு வரப்பில் போகிறவன்போல.
அதே காலில் இறகு!
முழங்காலுக்குக் கீழே, பாதம் வரைக்கும்
கையிலிருப்பதைப் போலவே நீளமாய்.
ஓட நினைத்தால் தடுக்கியிருக்கும்.
ஆகவே மரமேறி என்கிறார் ஒருவர்,
இல்லை என்று இரண்டு கட்டுரை எழுதுகிறார் இன்னொருவர்.
அது எதுவும் சொல்லாமல் படுத்திருக்கிறது,
கழுத்து பின்னால் வளைந்து,
பன்னிரண்டு கோடி ஆண்டாக.

பிறகு மணிக்கட்டு.
அதில் ஒரு சிற்றெலும்பு, மூன்றாம் பிறை அளவுக்கு.
அதைச் சுத்தம் செய்த அன்று நான் சாப்பிடப் போகவில்லை.
அந்தப் பிறையின் மேல்தான் கை
பக்கவாட்டில் வழுக்கி மடங்குகிறது.
பறப்பதற்காக வந்த மடிப்பில்லை அது.
பறக்காத பாட்டன்களுக்கும் இருந்தது.
இறகும் அப்படித்தான்,
முதலில் குளிருக்கு, முட்டைக்கு, பெட்டையின் கண்ணுக்கு.
காற்று கடைசியாக வந்த வாடிக்கையாளர்.

வயிற்றில் ஒரு பல்லி,
தலை முதலில் உள்ளே போனது, வால் தொண்டைப் பக்கம்.
மெல்லவே இல்லை.
இறகின் கறையில் எள்ளைவிடப் பலமடங்கு சிறிய துகள்கள்.
கறுப்பு என்கிறது ஆய்வகம்.
எண்ணெய் சிந்திய தண்ணீர்போல மினுங்கும் கறுப்பு.

எல்லாம் முடிந்தது என்று
ஊதா விளக்கைப் போட்ட இரவில்
எலும்பு ஒரு நிறமாக ஒளிர்ந்தது.
இடுப்புக்குப் பின்னால் ஒரு கோடு மட்டும்
வேறு நிறமாக.

பசை.
தச்சன் வாங்கும் சாதாரணப் பசை.

வரச்சொன்னேன். வந்தார். மறுக்கவில்லை.
"வால் உடைஞ்சு போச்சு, தூளா.
வாலில்லாத கல்லை எவன் வாங்குவான்?
மூத்தவளுக்கு ஷென்யாங்கில் கல்லூரி."
கொஞ்சம் யோசித்துவிட்டு,
"அடுத்த குழியில் கிடைச்சது இது.
இந்த உடம்புக்கு விறைப்பான வால் வேணும், இல்லையா?
இல்லாட்டி குதிக்கும்போது குப்புற விழுமே."

நான் பேசவில்லை.
வால் நெடுக ஓடும் எலும்புக் கம்பிகளை,
அவை எதற்கு என்பதை
நான் மூன்று ஆண்டு படித்துத் தெரிந்துகொண்டேன்.
அவர் பொய்க்குப் பொருத்தமான வாலைத் தேடித்
தெரிந்துகொண்டிருக்கிறார்.

ஆனாலும் பேரேட்டில் எழுதினேன்:
வால், வேறு விலங்கு, வேறு அடுக்கு.
பசையைக் கரைக்க நான்கு நாள் ஆனது.
இப்போது தட்டில் தனியாகக் கிடக்கிறது.
அதன் உடம்பு இன்னும் மலைக்குள் இருக்கலாம்.
யாருடைய வரவேற்பறைச் சுவரிலாவது இருக்கலாம்,
வேறொரு வால் ஒட்டப்பட்டு.

"காசு குறையுமா, குவான் அம்மா?"
குறையும் என்றேன்.

வெளியே பனி தூற ஆரம்பித்திருந்தது.
வண்டியில் சிந்திய தீவனத்துக்கு
ஏழெட்டுச் சிட்டுக்குருவிகள் இறங்கின.
இறங்கினதும் ஒவ்வொன்றும்
மணிக்கட்டைப் பக்கவாட்டில் மடக்கிக்கொண்டது.
லுவான் போர்வையை உதறினார்.
எழும்பின,
இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்தன,
மறுபடி மடக்கின.