நண்டு வளை

வல்லம் பைபாஸ் ஓரம், வங்கிக்கு மேல்மாடி.
எண்பத்தைந்து டிகிரி அடுப்பில் மூன்று நாளாய்
வேகின்றன, இன்னும் சந்தைக்கு வராத
மெமரி சிப்புகள்.

ஒரே வரிசையை லட்சம் தடவை தட்டினேன்.
நாற்பத்தோராம் மணியில்
பக்கத்து வரிசையில்
யாரும் தொடாத ஒன்று
பூஜ்யமாகிக் கிடந்தது.

“கோடியில ஒண்ணு, ஜெசிந்தா மேடம்.
முத்திரையைப் போட்டு அனுப்புங்க.”

கடைமடைக்காரியிடம் போய்ச் சொல்கிறார்.
வரப்பில் ஒரே ஒரு வளை போதும்;
ராத்திரி கட்டிய தண்ணீர்
விடிந்தால் அடுத்த வயலில் நிற்கும்,
நண்டு மட்டும் நம் பக்கம்.

கரண்ட் போனது. ஜெனரேட்டர் உறுமியது.
முதலிலிருந்து தட்டினேன்:
அதே இடம், அதே பூஜ்யம்.

அறிக்கையில் ‘பிழை’ என்று அடித்தவள்
அழித்துவிட்டு
‘கசிகிறது’ என்று எழுதினேன்.
முத்திரை டிராயரிலேயே இருக்கிறது.