மூன்றாவது நடை

ஒன்றின் தலையைச் சற்று நீட்டி எழுதும் பழக்கம்
ஆடுதுறை ஏட்டுக்கு.
கணினிக்கு முன்னால் இருந்தவர்
அதை ஏழு என்று தட்டிவிட்டார்.
அப்படித்தான்,
நான் பார்த்தேயிராத ஒரு சைக்கிள்காரரின் கால்
என் லாரிச் சக்கரத்துக்குக் கீழே வந்தது.

ஜுலைகா டிரான்ஸ்போர்ட், கூத்தாநல்லூர்.
லாரி நான்கு.
பாதுகாப்புத் தரம்: நிபந்தனைக்குரியது.

கடிதம் வந்த அன்று குறுவை அறுப்பு தொடங்கியிருந்தது.
கொள்முதல் நிலையத்தில் மூட்டைகள் ஆளுயரம்.
"தரம் சரியாகட்டும்மா, அப்புறம் லோடு"
என்றார் பட்டியல்காரர்,
போன வருஷம் ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் செய்து
வண்டி கேட்ட அதே ஆள்.

முப்பது நாளுக்குள் மேல்முறையீடு.
மூன்று நகல். கையொப்பம் நீல மையில்.

ஐயா,
விபத்து நடந்ததாகச் சொல்லப்படும்
மாசி பன்னிரண்டு, இரவு பதினொன்று நாற்பதுக்கு
எங்கள் வண்டி நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றது.
சரக்கு ரயிலுக்கு எஞ்சின் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.
அந்தக் கேட்டில் மாட்டியவன்
வேறெங்கும் இருந்திருக்க முடியாது என்பது
தாங்களும் அறிந்ததே.
இணைப்பு ஒன்று: எடை மேடைச் சீட்டு.

பிரேக் குறைபாடு: இருந்தது.
நான்காம் நாளே மாற்றினோம்.
இணைப்பு இரண்டு: மன்னார்குடிப் பட்டறை ரசீது,
கிரீஸ் கறையோடு.

அதிக பாரம்: ஏற்றும்போது சரியாக இருந்தது.
வழியில் மழை. சாக்கு குடித்தது.
மழைக்கு நாங்கள் வாடகை வாங்கவில்லை.

(இந்தக் கடைசி வரியை
வக்கீல் குமாஸ்தா அடித்துவிட்டார்.
நான் மறுபடியும் எழுதினேன்.)

ஆதாரம் தேடித்தான்
நடைப் புத்தகத்தை முதலிலிருந்து புரட்டினேன்.
மாசி மூன்று. அதே வண்டி. சவரிநாயகம்.
முதல் நடை மாலை நான்கு.
இரண்டாவது ஒன்பதரை.
மூன்றாவது ராத்திரி இரண்டு.
மூன்றுக்கும் நேராக என் கையெழுத்து.

அன்றைக்கு விடிகாலை அவன் வந்து நின்றது
இப்போதுதான் ஞாபகம் வந்தது என்று சொன்னால் பொய்.
"வடுவூர் வளைவுல மதகுச் சுவர இடிச்சிட்டேங்க்கா.
கண்ணு தொறந்துதான் இருந்துச்சு.
ஆனா ரோடு தெரியல."
ஆள் யாரும் இல்லை. ஆடுகூட இல்லை.
நாலு செங்கல் வாய்க்காலில் விழுந்தது.
கேஸ் இல்லை. பதிவு இல்லை.
இடது பம்பரில் மட்டும்
ஒரு கை வைத்து அமுக்கியதுபோல் ஒரு குழி.
டீக்குக் காசு கொடுத்து
போய்ப் படு என்றேன்.
மதியம் மறுபடி கூப்பிட்டேன்.

படிவத்தில் பதினான்காவது கேள்வி:
தங்கள் தரப்பில் தெரிவிக்க வேறு ஏதேனும் உண்டா?
பேனாவை அதன்மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.
ஒரு நீலப் புள்ளி ஊறியது.
இல்லை என்று எழுதினேன்.

தஞ்சாவூரில் விசாரணை.
அதிகாரி திருமேனி மழை வரியைப் படித்துச் சிரித்தார்.
ஆடுதுறை அசல் தாளை வரவழைத்து
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"ஒண்ணுதாம்மா இது" என்றார்,
நான்தான் அதை ஏழாக்கியவள் என்பதுபோல.
அந்த சைக்கிள்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.
அது இந்தக் கோப்பில் இல்லை.

நாற்பத்தேழாம் நாள் தபால்.
தரம்: திருப்தி.

"நம்ம மேல தப்பில்லன்னு எழுதிட்டாங்களாக்கா?"
சவரிநாயகம் கேட்டான்.
கேட்கும்போது பம்பரைப் பார்த்தான்.
நானும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
"ஏழு ஒண்ணாயிடுச்சு" என்றேன்.
அதற்குமேல் எனக்கு வாய் வரவில்லை.

இப்போது மணி ஒன்று ஐம்பது.
இரண்டு நடை முடித்து வண்டி நிற்கிறது,
எஞ்சின் இன்னும் சுடுகிறது.
அதன் கீழே துண்டை விரித்து
வாய் திறந்து தூங்குகிறான்.
புத்தகத்தில் மூன்றாவது கட்டத்தின்மேல்
குறுக்கே ஒரு கோடு கிழித்திருக்கிறேன்,
யாரும் வேறு எதுவாகவும் படிக்க முடியாத கோடு.

போன் அடிக்கிறது.
பட்டியல்காரர்.
கிழக்கே மின்னுகிறது, மூட்டைகள் வெளியில் கிடக்கும்.
எடுத்து என்ன சொல்ல வேண்டுமென்று தெரியும்.
இன்னும் எடுக்கவில்லை.