தூசி இல்லாத இரண்டு இடம்

குழித்துறையில் மழை. பாலத்துக்கு இப்புறம்
ஃப்ளெக்ஸ் கடை. பட்டனை அமுக்கினால்
மூன்று பீப், கொஞ்சம் சும்மா இருக்கும்,
மறுபடி மூன்று.

"யாரும் தொடல்ல கேட்டியளா,
நேத்து ராத்திரி வர ஓடிச்சு" என்றார் பிறைட்சன்.

பக்கத் தகட்டைக் கழற்றினேன்.
இரண்டு வருஷத் தூசி,
எலிக்குஞ்சு ரோமம் போல எல்லாவற்றின் மேலும்.
நான்கு மெமரி வரிசையில்
இரண்டில் மட்டும் தூசியே இல்லை.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
டார்ச்சை அங்கேயே பிடித்திருந்தேன்.

"தக்கலையில ஒருத்தன் நல்ல வெல சொன்னான்.
மகளுக்கு ஹாஸ்டல் பீஸ்."

மிச்சமிருந்த இரண்டும் ஒரு பக்கமாய் ஒட்டி நின்றன.
இந்த போர்டுக்கு ஜோடியை விலக்கித்தான் வைக்கவேண்டும்:
ஒன்றாம் இடம், மூன்றாம் இடம்.
பொன்னிறப் பல்லில் அழிரப்பர் தேய்த்து
மாற்றிக் குத்தினேன்,
டக் என்று கேட்கும்வரை.

ஃபேன் சுற்றியது. பீப் இல்லை.
கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி:
மெமரி குறைந்திருக்கிறது, தொடர எஃப்-ஒன்.
அவர் என்னைப் பார்த்தார்.
"அது கேக்கத்தான் செய்யும் அண்ணா. அமுக்குங்க."

நாலு மணிக்குள் அடிக்கவேண்டிய
கண்ணீர் அஞ்சலி திறந்தது.
முதலில் நெற்றி, பிறகு கண்ணாடி,
வெகுநேரம் கழித்து மீசை.
"சிரிப்பும் வரட்டு" என்று
ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.